வெப்சைட் டிசைன் கற்க எந்தத் தொழிலை எடுப்பது? காரைக்குடி மாணவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "காரைக்குடியில் கிராபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லோகோ, போஸ்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்வேன். அடுத்து வெப்சைட் டிசைனுக்கு வர ஆசை. ஹோட்டல், ஆஸ்பத்திரி, நகைக்கடை என்று தொழில்வாரியாகத் தளங்களைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இதை எப்படிப் படிப்பது? எந்தெந்தத் தொழிலை எடுத்துக்கொள்வது? கோடிங் தெரிந்தே ஆக வேண்டுமா?"

தம்பி, எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல கவனிப்பு. மேலே ஒரு பெரிய படம், கீழே மூன்று கட்டம், அதற்கும் கீழே வாடிக்கையாளர் பாராட்டு, கடைசியில் ஒரு ஃபார்ம். ஹோட்டலுக்கும் இதுதான், பல் ஆஸ்பத்திரிக்கும் இதுதான். பலரும் ஒரே டெம்ப்ளேட்டை வாங்கிப் படத்தை மட்டும் மாற்றுவது இதற்கு ஒரு காரணம். ஆனால் இந்த ஒற்றுமையில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஜேகப் நீல்சன் என்ற ஆய்வாளர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது: மக்கள் பெரும்பாலான நேரத்தை மற்றவர்களின் தளங்களில்தான் கழிக்கிறார்கள், அதனால் உங்கள் தளமும் அதேபோல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். லோகோவைத் தொட்டால் முதல் பக்கத்துக்குப் போகும், கூடைப் படம் மேலே வலப்பக்கம் இருக்கும் என்பது அவர்கள் விரலுக்கே பழகிவிட்டது. அதில் புதுமை செய்தால் வருகிறவர்தான் திணறுவார்.

அப்படியானால் தொழிலுக்குத் தொழில் எதுதான் மாறுகிறது? வருகிற ஆள் என்ன சந்தேகத்தோடு வருகிறார் என்பது மாறுகிறது. அந்தச் சந்தேகத்தை எவ்வளவு சீக்கிரம், எதைக் காட்டித் தீர்க்கிறோம் என்பதைத்தான் நான் அந்தத் தொழிலின் டிசைன் என்று சொல்வேன். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு வருபவை. ஸ்கிரீன்ஷாட்டில் நிறமும் எழுத்துருவும் விழும், சந்தேகம் விழாது. நீங்கள் எத்தனை சேர்த்தாலும் ஒரே மாதிரி தெரிவது அதனால்தான்.

அதனால் அந்த ஃபோல்டரைக் கொஞ்ச நாள் மூடிவைத்துவிட்டு, தெரிந்த கடை ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு மதியம் உட்காருங்கள். நேரில் வருபவர்களும் ஃபோனில் அழைப்பவர்களும் கேட்கிற கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். "ஆச்சி, சீப்புச் சீடை எத்தனை நாள் தாங்கும்?" "அண்ணே, லாரியில போட்டா உடையாம வந்து சேருமா?" இந்தக் கேள்விகளைச் சுருக்காமல், திருத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். எது அடிக்கடி வருகிறது, எதற்குப் பதில் கிடைத்ததும் ஆள் பணம் எடுக்கிறார், எதற்குப் பதில் வராமல் கிளம்பிப் போகிறார் என்று குறித்தால் பக்கத்தின் வரிசை பாதி கிடைத்துவிடும். இந்த விஷயத்தில் காரைக்குடி வட்டாரம் உங்களுக்கு வாய்த்தது பெரிய வசதி. ஓட்டு வீட்டில் பலகாரம் செய்பவர் முதல் வெளிநாட்டுப் பயணிகளை வைத்து ஹோட்டல் நடத்துபவர் வரை எல்லோரும் டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்.

முதலில், பூ வடிவத் தரைக்கல்லைக் (டைல்ஸ்) கையால் செய்யும் ஆத்தங்குடிக்குப் போங்கள் என்பேன். கிராபிக் டிசைன் படிக்கிற ஒருவர் அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமென்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்த பிறகு மேலே சிமென்டும் மணலும் கலந்த உலர் கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து இறுகவிடுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. மேற்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது.

இப்போது அதை வாங்குபவரைப் பாருங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிற ஆர்க்கிடெக்ட், அல்லது புது வீடு கட்டுகிற குடும்பம். பூ அழகாக இருக்கிறதா என்பதை அவர் முதல் படத்திலேயே பார்த்துவிட்டார். அவருக்குள்ள சந்தேகம் வேறு. ஒரு கல்லின் படத்தைக் காட்டினால், தரை முழுக்கப் போட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாது. நான்கு கல்லைச் சேர்த்தால்தான் பல வடிவங்களில் வட்டமே முழுமையாகிறது. ஆக, படம் ஒற்றைக் கல்லாக இருக்கக் கூடாது, விரித்த தரையாக இருக்க வேண்டும், ஓரத்துக்கு வரும் பார்டர் கல்லோடு. ஒரு சிறிய படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பின்னணியாக்குவது வெப்பில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் வசதி. அதை வைத்தே, வருபவர் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் தரை விரியும்படி செய்துவிடலாம்.

அடுத்தது, எத்தனை கல் வேண்டும் என்ற கணக்கு. 12 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 100, 10 அங்குலம் என்றால் 144, 8 அங்குலம் என்றால் 225. அறையின் நீள அகலத்தைப் போட்டால் இந்த எண் வர வேண்டும், உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாக. இது இல்லாத தளத்தில் வருபவர் கால்குலேட்டரைத் தேடிப் போவார், போனவர் திரும்பி வருவார் என்று நம்ப முடியாது.

அப்புறம் நிறம். அச்சு வேலையில் வண்ணத் தாளோடு ஒப்பிட்டு மையைச் சரிசெய்ய நீங்கள் பழகியிருப்பீர்கள். வெப்பில் அந்தப் பிடி நம் கையில் இல்லை, ஒவ்வொரு ஃபோனும் ஒரு நிறம் காட்டும். போதாததற்கு, இது கை வேலை, ஒரே அச்சில் வந்த இரண்டு கல்லுக்குள்ளேயே நிறம் சற்று மாறும். இதை மறைக்கக் கூடாது. நான்கைந்து கல்லைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைப் போட்டு, "இவ்வளவு வேறுபாடு இருக்கும்" என்று அதே இடத்தில் எழுதுங்கள். மாதிரிக் கல் அனுப்பிவைக்க ஒரு பட்டன் வையுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமென்ட் அரித்துவிடும் என்ற எச்சரிக்கையும் வாங்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாங்கிய பிறகு வரும் புகாரை வாங்குவதற்கு முன்பே தீர்ப்பது இந்தத் தொழிலில் டிசைனரின் வேலை.

கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன, அதனால் வெளியூர்க் கவனமும் இருக்கிறது. இந்த வகைத் தளங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே பர்மா தேக்குத் தூண், அதே வளவு (உள்முற்றம்), அந்திவெயில். படம் ஒன்றே பல எம்பி. என் கருத்தில் இங்கே படம் குறைவதே இல்லை, தகவல்தான் குறைகிறது. வருபவர் அழகில் ஏற்கெனவே மயங்கித்தான் வந்திருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது, படத்தில் இருக்கிற அந்த அறைதான் தனக்குக் கிடைக்குமா என்பது. நம் வீடுகளில் ஓர் அறை போல இன்னோர் அறை இருக்காது. முகப்பை ஒட்டியது ஒரு மாதிரி, இரண்டாம் கட்டில் இருப்பது ஒரு மாதிரி. ஆகவே அறைக்கு ஒரு பக்கம், வீட்டின் வரைபடத்தில் அந்த அறை எங்கே என்று ஒரு குறி. இது ஒன்றைச் செய்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

இன்னொரு கேள்வி: "அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியுமா?" உயரமான திண்ணை, தாண்டிப் போக வேண்டிய நிலைப்படி, மாடியில் அறை என்றால் எத்தனை படி, லிஃப்ட் இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிட வேண்டும். மதுரை விமான நிலையமோ திருச்சி விமான நிலையமோ, இரண்டுமே சுமார் 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வருபவர் காரைக்குடியில் இறங்கிய பிறகு ஊருக்கு எப்படி வருவது என்பதையும் மூன்று வரியில் சொல்லலாம். "தலைவாழை இலையில் பாரம்பரிய விருந்து" என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்வதில்லை.

ஹோட்டல் தளங்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். "இன்னும் 2 அறைதான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, முதலில் ஒரு விலை காட்டிக் கடைசித் திரையில் கட்டணங்களை ஏற்றுவது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச்சப்படவைக்கும் வாசகம் போடுவது. இவையெல்லாம் இப்போது வெறும் ரசனைக் கேள்வி இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகள் இப்படிப்பட்ட 13 ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கின்றன. கடைக்காரர் கேட்டாலும் போட்டுக் கொடுக்காதீர்கள். விதியைக் காட்டிப் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

விதி என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், டிசைன் வகுப்பில் இது அவ்வளவாக வருவதில்லை. சில தொழில்களில் தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பாதி சட்டமே வரைந்துவிடுகிறது. வக்கீல் ஆபீஸுக்கு "100% வெற்றி" என்று பேனர் போட முடியாது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36-வது விதி தடுக்கிறது. 2008-ல் வந்த திருத்தம் தளம் வைத்துக்கொள்ள அனுமதித்தது, ஆனால் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் போன்ற சில விவரங்கள் மட்டும்தான். வக்கீல் தளத்தைத் திறந்ததும் "இது விளம்பரம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பெட்டி குதிப்பது இந்தப் பின்னணியில்தான். அலங்காரத்துக்கு இடமே இல்லாத அந்தப் பக்கத்தை வெறும் எழுத்துருவாலும் இடைவெளியாலும் கம்பீரமாக்கிக் காட்டுங்கள், அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

டாக்டர்களுக்கும் 2002-ம் ஆண்டு நெறிமுறைகள் உண்டு. நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ வலிந்து அழைப்பது தவறு என்கின்றன அவை. ஆகவே ஆஸ்பத்திரித் தளத்தில் சலுகை பேனர் போடுவதற்கு முன் யோசியுங்கள். மனை விற்பவர்களுக்கு 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் அதன் இணைய முகவரியும் விளம்பரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கீழே பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள், நீங்கள் அதைத் தலைப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், மனை வாங்க வருபவரின் முதல் பயத்துக்கு அதுதான் மருந்து. நகைக்கடை என்றால் அன்றைய தங்க விலை, செய்கூலி, சேதாரம் மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான ஹெச்யுஐடி கட்டாயம், அது நகையில் எங்கே இருக்கும் என்று ஒரு நெருக்கப் படம் போட்டால் போதும். வங்கிகளை ரிசர்வ் வங்கி 2025-ல் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது. போலித் தளத்தில் ஆள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். அங்கே நம்பிக்கை முகவரிப் பெட்டியிலேயே தொடங்குகிறது, நீங்கள் வரையும் இடத்துக்கு வெளியே.

ஆஸ்பத்திரி பற்றி ஒரு வார்த்தை தனியாக. செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீட்டில் வயதான அப்பச்சியும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள், மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். ஆஸ்பத்திரித் தளத்தைத் திறப்பவர் அந்த மகன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஆச்சி. பார்ப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். "டாக்டரின் நேரம் காலை 10 முதல்" என்றால் எந்த ஊர்க் காலை? சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. தொலைபேசி எண்ணை 04565 என்று தொடங்கி மட்டும் போட்டால் கோலாலம்பூரிலிருந்து தட்டுபவருக்கு அழைப்பு போகாது, 91 சேர்த்த எண்ணைத் தொட்டால் அழைக்கும்படி வைக்க வேண்டும். மகன் பதிவு செய்து முடித்ததும் அந்த விவரம் ஆச்சியின் ஃபோனுக்குத் தமிழில், பெரிய எழுத்தில், டாக்டர் பெயர், நாள், எந்த வாசல் என்று போய்ச் சேர வேண்டும். அந்தச் செய்தியும் உங்கள் டிசைன்தான், வெப்சைட்டோடு வேலை முடிவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவர் கோயில் தளங்களுக்கும் உண்டு. பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கு டிக்கெட் போடுவதற்காக ஆறு மாதம் முன்பே தேதி தேடுகிற மலேசியா வாழ் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள், முதல் பக்கத்தில் ஓடும் வாழ்த்துச் செய்தி அவர்களுக்கு எதற்கு? இந்த ஆண்டுத் திருவிழாத் தேதி போதும்.

வயதானவர்கள் படிக்கிறார்கள் என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கண்ணளவில் விடாதீர்கள். எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற உலக அளவுகோல் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்கிறது. சந்தன நிறத்தின் மேல் தங்க எழுத்து, நம் ஊரில் எல்லோருக்கும் பிடித்த கூட்டணி, இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறாது. 2023-ல் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் பொத்தான் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கச் சொல்கிறது. ஆப்பிள் 44 புள்ளி, ஆண்ட்ராய்டு 48 அலகு என்று இன்னும் தாராளமாகப் பரிந்துரைக்கின்றன. நான் 48-ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

பலகாரக் கடைக்குச் சந்தேகம் எளிமையானது, ஆனால் எண்ணிக்கை அதிகம். எந்த எண்ணெய், எத்தனை நாள் தாங்கும், எந்த ஊருக்கு எத்தனை நாளில் வரும், வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா. மனகோலமும் தேன்குழலும் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் படத்தைவிட, கையில் எடுத்து உடைத்த படம் அதிகம் சொல்லும். நிகர எடை, அதிகபட்ச விலை, செய்பவர் முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், புகார் என்றால் யாரிடம் பேசுவது என்பவை கண்ணில் படும்படி இருக்கட்டும். புதுவயல் அரிசி ஆலைக்கு இவ்வளவு தேவையில்லை. அங்கே வருபவர் மொத்த வியாபாரி. ரகம், மூட்டை எடை, நொறுங்கல் அளவு, ஒரு வாட்ஸ்அப் எண். ஒரே பக்கம், படம் இல்லாமலேகூட முடித்துவிடலாம்.

கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஒரு முத்திரையாக ஒட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது துணியின் கனம், கட்டம் எவ்வளவு பெரியது, கரை எத்தனை விரல், முதல் சலவையில் சாயம் போகுமா. மடித்துவைத்த சேலைப் படத்தில் இது ஒன்றும் தெரியாது. ஓர் ஆள் கட்டி நிற்கும் படம், நூல் தெரியும் அளவுக்கு நெருக்கமான படம், இரண்டும் வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். செட்டிநாடு என்றாலே மெரூன் நிறம், தங்க பார்டர், தூண் படம், டைல்ஸ் பின்னணி என்று எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். எந்த ஊரில் செட்டிநாடு மெஸ் திறந்தாலும் அதே தூண், மெனு கார்டிலும் அதே தூண். நீங்கள் இந்த மண்ணில் இருப்பவர், உங்களுக்கு அந்தச் சுருக்கெழுத்து தேவையில்லை. ஒரு பழைய வீட்டுக்குள் போய் நிறங்களைக் குறித்துப் பாருங்கள். முட்டை வெள்ளை கலந்து மெருகேற்றிய சுவரின் வெண்மை, எண்ணெய் ஏறிக் கறுத்த தேக்கு, வெயில் விழும் முற்றத்தின் சாம்பல் நிறக் கல், கண்ணாடிச் சன்னலின் பச்சை. இதில் தங்கம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

அச்சு வேலையிலிருந்து வருபவர்களுக்கு வெப்பில் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, தாளுக்கு அளவு உண்டு, திரைக்கு இல்லை. திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்வதற்கு ஈத்தன் மார்கோட் என்ற டிசைனர் 2010-ல் ரெஸ்பான்சிவ் டிசைன் என்று பெயர் வைத்ததிலிருந்து இதுதான் அடிப்படை. 360 பிக்சல் அகலத்தில் முதலில் வரையுங்கள், பிறகு பெரிதாக்குங்கள். நம் ஊர் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஃபோனில்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது, தலைப்பைப் படமாக ஏற்றாதீர்கள். தேடலிலும் அகப்படாது, பார்வையற்றவரின் திரை வாசிப்பானும் படிக்காது.

மூன்றாவது தமிழ். இதில்தான் நம் பக்கத்துத் தளங்கள் மிக மோசமாக இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதில் தட்டியதை வெப்சைட்டில் ஒட்டினால் குப்பையாக வரும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் ஸ்ரீ, க்ஷ, னை, ஞூ, ஜௌ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள், மேலும் கீழும் கொம்பும் சுழியும் வெட்டுப்படுகின்றனவா என்று. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.4 போதும் என்றால் தமிழுக்கு 1.6-லிருந்து 1.8 வரை வேண்டியிருக்கும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு கிடையாது, சாய்வெழுத்து மரபும் இல்லை, ஆகவே எது தலைப்பு எது உள்ளடக்கம் என்பதை அளவு, தடிமன், இடைவெளி மூன்றால் மட்டுமே காட்ட முடியும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் ஆங்கிலப் பழக்கத்தைத் தமிழில் செய்தால் சொல் சிதறி நிற்பதுபோல் தெரியும். பொத்தான் வாசகமும் நீளும். ஆங்கில வாசகத்தை வைத்து வரைந்த பொத்தானில் 'அறை பதிவு செய்ய' உட்காராது. எப்போதும் உண்மையான தமிழ் வாசகத்தைப் போட்டே வரையுங்கள், பொருளில்லாத நிரப்பு எழுத்து வேண்டாம். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் சொல்லிவிடவும் மறக்காதீர்கள், திரை வாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

வேகம் பற்றி: திறந்ததும் திரையில் வரும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும் என்பவை கூகுள் வைத்திருக்கும் அளவுகள். குரோமின் டெவலப்பர் கருவியில் மெதுவான இணைப்பை நடித்துக் காட்டும் வசதி இருக்கிறது. நீங்கள் சேர்த்துவைத்த தளங்களை அதில் ஓட்டிப் பாருங்கள். அழகு என்று நினைத்தவற்றில் பல, வெள்ளைத் திரையாகவே நெடுநேரம் நிற்கும்.

இனி எந்தத் தொழில், எத்தனை என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று போதும், ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கட்டும். ஆசைப்பட்டு வாங்கும் பொருள் ஒன்று, டைல்ஸோ சேலையோ. பதற்றத்தில் வரும் சேவை ஒன்று, ஆஸ்பத்திரி மாதிரி. விதிகள் கட்டிப்போடும் தொழில் ஒன்று, வக்கீலோ மனையோ. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுத் தளம் பாருங்கள், விருது வாங்கியவை மட்டுமல்ல, நம் ஊர்ச் சாதாரணத் தளங்களும். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதே தளம் பத்து வருடம் முன் எப்படி இருந்தது என்று பாருங்கள். எதை நீக்கினார்கள், எது கடைசிவரை தங்கியது என்பதில் நிறையப் பாடம் உண்டு.

போர்ட்ஃபோலியோவில் இறுதித் திரையை மட்டும் வைக்காதீர்கள். கடையில் எழுதிய கேள்விகள், அவற்றை வரிசைப்படுத்திய விதம், சாம்பல் நிறத்தில் போட்ட முதல் வரைவு, கடைக்காரரிடமும் ஒரு வாடிக்கையாளரிடமும் காட்டியபோது அவர்கள் எங்கே தடுமாறினார்கள், அதற்காக எதை மாற்றினீர்கள் என்று கதையாக வையுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் தேடுவது இதைத்தான். கடை உங்களிடம் வேலை தரவில்லை என்றால் "பயிற்சிக்காகச் செய்தது" என்று தெளிவாக எழுதுங்கள், கடையின் பெயர், படம் போட அனுமதி கேட்டுவிடுங்கள். கேள்வி எழுதும்போது வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ நோட்டில் ஏறக் கூடாது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் இன்னும் கவனம்.

கடைசியாகக் கோடிங். டிசைனராக வேலை பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தின் அமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல், தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் இரண்டும் தெரியாமல் வெப் டிசைன் செய்வது, என்னைக் கேட்டால், முடியாது. ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வரைந்தது வரைபடம்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் என்ன உடைகிறது, தமிழ்ச் சொல் எங்கே மடங்குகிறது, படம் வரத் தாமதமானால் பக்கம் எப்படிக் குதிக்கிறது என்பதெல்லாம் பிரவுசரில்தான் தெரியும். இரண்டு மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் கொடுத்தால் இந்த அளவு வந்துவிடும். எம்டிஎன் என்ற இலவசக் கையேட்டில் இருந்தே தொடங்கலாம். முதல் பக்கமாக அந்த ஆத்தங்குடித் தரையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கல் படம், அது விரியும் பின்னணி, நீளம் அகலம் கேட்கும் இரண்டு பெட்டி, எத்தனை கல் என்று சொல்லும் ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். முடித்ததும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி, ஆத்தங்குடியில் கல் ஊற்றுபவரின் ஃபோனிலேயே திறந்து காட்டுங்கள். கணக்கு சரியா, நிறம் சரியா என்று அவர் சொல்லிவிடுவார்.